துளசிராமனின் விசில் வரி

தாளை வாங்கியதும் துளசிராமன் அதைப் பார்க்கமாட்டார். மடிப்பை விரலால் நீவிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். "படி தம்பி, காதுல வுழணும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் நடுவிரலால் மெல்லத் தட்டியபடி கேட்பார். வரி எங்காவது தடுக்கினால் விரல் நின்றுவிடும். "அங்க ஒண்ணு துருத்திக்கினு கீது. அத்தத் தூக்கு." தூக்கிவிட்டுப் படித்தால் வரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில், பழைய இரும்பைப் பிரித்து உலைக்கு அனுப்புவது அவர் வேலை. முழங்கைவரை பொறி பட்ட புள்ளிகள். வயது முப்பத்துமூன்று. வேலை போக மீதி நேரமெல்லாம் ரசிகர் மன்றம்தான். நடிகரின் பிறந்தநாளோ, மன்றத்தார் வீட்டுக் கல்யாணமோ, ஃப்ளெக்ஸில் வரும் வாசகம் அவர் சொன்னதாக இருக்கும். அவர் சொல்வார், யாராவது எழுதிக்கொள்வார்கள்.

நான் மணவாள நகரிலிருந்து வந்து, ஒரு பெயிண்ட் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டு அறை எடுத்துத் தங்கியிருந்தேன்; நானும் அந்த மன்றத்தில்தான் இருந்தேன். நவீன கவிதை படிப்பேன். இருநூறு பிரதி அச்சாகும் ஒரு சிற்றிதழில் என்னுடைய இரண்டு கவிதைகள் வந்திருந்தன. படித்ததாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. துளசிராமனின் வரிகளையோ பஸ் கண்டக்டர்கள் சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்கள்.

2007 டிசம்பரில் அந்தப் படம் வந்தது. அப்பாக்கள் இளவட்டமாக இருந்தபோது பார்த்த பழைய தாதா படத்தை, எங்கள் நடிகரை வைத்துத் திரும்ப எடுத்திருந்தார்கள். போஸ்டர் முழுக்கக் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, பின்னால் வெளிநாட்டுக் கட்டடங்கள். தியேட்டர் வாசலில் நாற்பதடி ஃப்ளெக்ஸ் வைக்க மன்றம் முடிவு செய்தது. அதில் என் வரி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

மன்றத் தலைவர் ஆதிகேசவனிடம் தாளைக் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார்.

"கறுப்பு... தன்னையே... அணிந்து நடக்கிறது. இன்னாப்பா இது, ஜவுளிக்கடை விளம்பரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். துளசிராமன் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் கீது தலைவரே. கைதட்டத்தான் எடமில்ல," என்றார். அந்தச் சிரிப்பைவிட இது அதிகம் சுட்டது. பிறகு கண்ணை மூடினார். தொடையில் விரல் நாலு தட்டுத் தட்டியது.

"உங்க நைனா அடிச்ச விசில் இன்னும் அடங்கல... மகனே, நீ வாங்கி அடி!"

பின்னாலிருந்து யாரோ நிஜமாகவே விசில் அடித்தார்கள். மூன்று நாள் அந்த வரியில் குறை தேடினேன். பழைய படம், புதிய படம், அப்பன், மகன் எல்லாம் ஒரு விசிலுக்குள் இருந்தன. குறை கிடைக்கவில்லை.

அந்த ஃப்ளெக்ஸில் துளசிராமனுக்கு இன்னொன்றும் இருந்தது. பொதட்டூர்பேட்டையில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை காலையில்தான் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"தியேட்டராண்டையே எறங்கச் சொல்லிக்கிறேன்," என்றார் என்னிடம். "ஃப்ளெக்ஸ்ல தனியா ரவுண்டு கட்டி என் போட்டோ. மாப்ள யாருன்னு யாரையும் கேக்க வேணாம் பாரு." சொல்லும்போது காதுமடல் சிவந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் கிரேஸ் அக்காவின் டி.டி.பி. கடையில் இருந்தேன். என் கவிதைகளை அங்கேதான் டைப் செய்யக் கொடுப்பேன். படம் வெளியாகும் வாரம், பதினொரு ஃப்ளெக்ஸ் வேலை. அக்கா தலை நிமிரவில்லை. துளசிராமன் வந்ததும், ப்ரூஃபை ஒரு தாளில் அச்செடுத்து நீட்டினார்.

"பாத்து ஓகே சொல்லிடுங்கண்ணே. இப்பவே மெட்ராஸுக்கு பிரிண்டிங் அனுப்பணும்."

துளசிராமன் மடிப்பை நீவி என்னிடம் கொடுத்தார். கண்ணை மூடினார்.

தலைப்பைப் படித்தேன். விசில் வரியைப் படித்தேன். விரல் நிற்கவே இல்லை. மன்றத்தார் இருபத்துமூன்று பேரின் பெயரைப் படித்தேன். கடைசியில் அவர் படம், பூச்சரம் சுற்றிய வட்டத்துக்குள். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தது: தோற்றம் 11.3.1949, மறைவு 9.12.2007.

அந்த வாரம் செய்த ஏதோ கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து வட்டத்தை அப்படியே எடுத்து, படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

நான் நிறுத்திவிட்டேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

"சோக்கா கீது. அனுப்பும்மா கிரேசு."

ஒரு நாள் ஊர் சிரிக்கட்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுவதும் கையில் செல்போன் இருந்தது. கிரேஸ் அக்காவின் எண்ணும் அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாரத்தில் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். மேளம், பட்டாசு, பால்குடம். வேகாத வெயிலிலும் கழற்றுவதில்லை என்று துளசிராமன் வாடகைக்குக் கறுப்புக் கோட்டு எடுத்துப் போட்டிருந்தார். முதலில் பார்த்தவன் ஒரு ஷேர் ஆட்டோக்காரன்.

"துளசிண்ணே! நீ போன ஞாயித்துக்கெயமையே பூட்டியாமே! மாலை வாங்கியாரட்டா?"

"பொறந்தது நாப்பத்தொம்போதாம்டோய்! தாத்தாவுக்குப் பொண்ணு பாக்கறாங்கடா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துளசிராமன் அண்ணாந்து பார்த்தார். "எங்க? எங்க போட்டுக்கீது?" என்று பக்கத்தில் இருந்தவனின் தோளை உலுக்கினார். ஃப்ளெக்ஸ் முழுக்கக் கண்ணை ஓட்டினார். பிறகு சாரத்தில் ஏறி, கோட்டைக் கழற்றி ஓர் இடத்தில் தொங்கவிட்டார். அது விசில் வரியை மூடியது.

"கீய! இன்னும் கீய!" என்று கூட்டம் கத்தியது.

அவர் கோட்டை இறக்கினார். மன்றத்தாரின் பெயர்கள் மறைந்தன. "போட்டோவுக்குக் கீயண்ணே!" அப்போதுதான் சரியான இடத்துக்கு வந்தார். ஆள் பதறிப்போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் பொதட்டூர்பேட்டைக்காரர் வந்துவிட்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் பழப்பை. அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை படத்தையும் அதன் கீழே ஆடிய கறுப்புக் கோட்டையும் பார்த்தார். "சகுனம்னு ஒண்ணு கீதுபா," என்று யாரிடமோ சொல்லிவிட்டு, பழப்பையோடு எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றார். துளசிராமன் சாரத்தின் மேலிருந்து, ஒரு கையால் கோட்டைப் பிடித்தபடி, அவர் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதிகேசவன் கிரேஸ் அக்கா கடைக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பினார். துளசிராமன்தான் தடுத்தார். "வுடு தலைவரே. அந்தப் பொண்ணு ஒண்டியா இன்னான்னு பாக்கும்? ஓகே சொன்னது நானு." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு அவர் மன்றத்துக்கு வரவில்லை. பொங்கல் ஃப்ளெக்ஸுக்கு ஆதிகேசவன் என்னிடம் வரி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பஜாரில் இருபதடிக்கு நின்றது. அதன் கீழேயே நின்று டீ குடித்தார்கள், நிமிர்ந்து பார்த்தவர் இல்லை.

மார்ச் மாதம் கிரேஸ் அக்கா கடைக்குப் போயிருந்தேன். ப்ரூஃபைத் தானே பார்க்காமல் விட்டதை அவர் இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல், "அவரும்தான் தாளைக் கையில வாங்கினாரு. ஒரு தடவை பாத்திருக்கலாம் இல்லக்கா," என்றேன்.

கிரேஸ் அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னா தம்பி, உனக்குத் தெரியாதா? அண்ணனுக்குப் படிக்கத் தெரியாதே. ஒண்ணாவதோட நின்னவரு. மத்த பசங்க பாதிய முழுங்கிடுவாங்க, நீ மட்டும்தான் ஒரு எழுத்து வுடாம படிப்பேன்னு சொல்வாரு. அன்னிக்கும் கடைக்கு வெளிய நின்னுக்கினு, நீ உள்ள கீறியான்னு கேட்டுட்டுத்தான் ஏறி வந்தாரு."