கோவிக்கத் தெரியாதவர்

எங்கள் கரையில் கோவம் என்றால் கத்துவதோ சண்டை பிடிப்பதோ அல்ல. கதைக்காமல் விடுவது. "அவையோட நாங்கள் கோவம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நன்மை தின்மைக்குப் போய்வர மாட்டார்கள் என்று அர்த்தம். நானும் அக்காவும் மூன்று வருடம் கோவம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது ஒரு தகர வேலி.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தன் மகனின் கலியாணத்துக்கு எனக்கு நேரில் வந்து சொல்லவில்லை. கார்டைப் பேக்கரிப் பாண் கொண்டுவந்து விற்கிற பாண்காரரின் கையில் கொடுத்துவிட்டார். கூடப்பிறந்தவளுக்கு, அடுத்த வளவில் இருக்கிறவளுக்கு, ஒரு றாத்தல் பாணோடு சேர்த்துக் கலியாணக் கார்ட். எங்களில் கலியாணம் என்றால் வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்ல வேண்டும். நான் கலியாணத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அன்றோடு சரி. எனக்கு ரோசம் கொஞ்சம் கூடத்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என்றாலும் வாய் சும்மா இருக்காது. அக்காவின் கோழி என் வளவுக்குள் வந்தால், "வெக்கங்கெட்ட கோழி, ஒழுங்காச் சொல்லாத வீட்டுக்கெல்லாம் வருது" என்று வேலிக்குக் கேட்கும்படி சொல்வேன். அவர் தன் நாயைப் பார்த்து, "வாயைப் பொத்திக்கொண்டு கிட, ஊரெல்லாம் கேக்கக் குலைக்காதை" என்பார். அந்த மூன்று வருடத்தில் எங்கள் குடும்ப விசயம் முழுவதும் அந்தக் கோழிக்கும் நாய்க்கும் தெரிந்திருக்கும்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் பாதர் ஒரு தாளைக் கையில் எடுத்தார். கடவுளின் அன்பைப் பற்றி வேதாகமத்திலிருந்து நாற்பது பகுதிகள், நாளுக்கு ஒன்று. "ஆர் ஆர் ஒரு நாளும் விடாமல் வாசிப்பீங்கள்? கையை உயர்த்துங்கோ" என்றார். பெண்கள் பக்கத்தில் முன்வாங்கில் அக்காவின் கை உயர்ந்தது. அது உயர்ந்த பிறகு என் கை கீழே கிடக்குமா? நானும் உயர்த்தினேன், அவரைவிடக் கொஞ்சம் உயரமாகவே. கடவுளின் அன்பை நான் வாசிக்கத் தொடங்கியது இப்படி வீம்பில்தான்.

எங்கள் வீட்டில் செபமாலை தவறாது. ஆனால் வேதாகமத்தை எடுத்து வாசிக்கிற வழக்கம் இருக்கவில்லை. அது பூசையில் வாசிக்கக் கேட்பது. யுத்தம் முடிந்து மீளக்குடியேறி வந்த காலத்தில் ஒரு கன்னியாஸ்திரி தந்த பழைய புத்தகம், முன் மட்டை இல்லாதது, மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் சொப்பிங் பையில் சுற்றியபடி இருந்தது. தூசி தட்டுவதற்கு மட்டும் எடுப்போம்.

முதலில் செபமாலைக்குப் பிறகு வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கொட்டாவி வந்தது. நாலாம் நாள் கண்ணாடியோடு நித்திரையாகிவிட்டேன். மத்தியானம் வாசிக்கலாம் என்றால் காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் வந்தது. ஒரு வசனம், ஒரு "சூ", பிறகு எந்த வரியில் விட்டேன் என்று தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் புட்டு ஞாபகம் வந்தது. விடியப் புட்டைக் குழைத்து, ஓலையால் இழைத்த நீத்துப்பெட்டியில் போட்டுப் பானையின் வாயில் வைத்தால், அது ஆவியில் அவியும்வரை எனக்கு வேலை இல்லை. இத்தனை வருடமாக அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அந்த ஆவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தேன்.

இரவுத் தொழில் முடிந்து கடலால் வந்த என் மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. "வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து அடுப்படியில வைச்சிருக்கிறாய், என்னப்பா இது?"

"அங்க வைச்சால் ஆர் வாசிக்கிறது? மாதாவே வாசிக்கப் போறா?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். வாசிக்கத் தனியாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. ஒவ்வொரு நாளும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் புட்டில்லாமல் விடியாது, ஆகவே வாசிப்பும் தவறவில்லை. பக்கங்களில் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் பட்டன. கடவுள் அதற்குக் குறைநினைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனதுக்குள் வாசிக்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் சத்தமாக வாசித்துப் பழகிய வாய். அடுப்படி இருக்கிற என் குசினி வேலியோடு ஒட்டியது. அக்காவுக்குக் கேட்கட்டும், நான் ஒரு நாளும் விடவில்லை என்று தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் உரத்து வாசித்தேன்.

மூன்றாம் கிழமை என் மனுசன்தான் செய்தியைக் கொண்டுவந்தார். ஆண்களுக்குள் கோவம் இல்லை, அவரும் அக்காவின் மனுசனும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள்.

"உன்ர கொக்காவுக்குக் கழுத்தில கட்டியாம். வாற கிழமை பெரியாஸ்பத்திரியில வெட்டி எடுக்கப் போகினமாம்."

"கட்டி எண்டால்?"

"பயப்பிடுற கட்டி இல்லையாம். ஆனால் குரல் நரம்புக்குப் பக்கத்தில கிடக்காம். வெட்டினால் குரல் முந்தி மாதிரி வராமலும் போகலாம் எண்டு டொக்டர் சொன்னவராம்."

அக்காவின் குரல்தான் எங்கள் கோயிலின் குரல். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை இராகத்தோடு படிக்கிற பசாமில் அவர் குரலெடுத்தால் பின்வாங்கில் நிற்கும் ஆண்களும் மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு அந்தக் குரல் அதைவிடச் சொந்தம். யுத்த காலத்தில், செல்லடிக்குள் பங்கரில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் செபம் சொன்ன குரல் அது. அது என்னைச் "சின்னவள்" என்று கூப்பிட்டு மூன்று வருடம். இனிக் கூப்பிடாமலே போய்விடலாம். எனக்குப் பயம் பிடித்தது. எழுந்து போய்க் கதைத்திருக்கலாம், தூரமும் இல்லை. ஆனால் ஆர் முதலில் கதைப்பது? வந்து சொல்லாமல் விட்டது அவரல்லவா?

அந்தக் கிழமைக்குப் பாதர் ஓர் இறைவாக்கினரின் புத்தகத்தைப் போட்டிருந்தார். அன்பைப் பற்றி என்று திறந்தால், கடவுள் தன் சனத்தோடு கோபம் என்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். அந்தக் கோபத்தை நான் எங்கள் ஊர்க் கோவமாகவே வாசித்தேன், அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. கடவுளும் கதைக்காமல் விட்டிருக்கிறார். அவரே அப்படியென்றால் எனக்கென்ன? இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். புதிய மொழிபெயர்ப்பு ஒன்றில் அந்த இடத்தில் சினம் என்று போட்டிருப்பதைப் பிறகு கண்டேன். அந்தப் புத்தகம் என் கையில் இருந்திருந்தால் நான் இன்னும் கோழியோடுதான் கதைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் வாசிக்கும்போது எரிச்சல் வந்தது. கோவம் என்றவர் பக்கம் முழுக்கக் கதைக்கிறார். ஏசுகிறார். பிள்ளையாக இருந்தபோது கையைப் பிடித்து நடக்கப் பழக்கியதைச் சொல்லிக்காட்டுகிறார். கைவிட மனம் வரவில்லை என்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், அங்கும் கதைதான். அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. அன்றைய பகுதி எப்போதோ முடிந்திருந்தது, நான் விடாமல் புரட்டிக்கொண்டே போனேன்.

கடலால் வந்த மனுசனிடம் முறையிட்டேன். "இஞ்சருங்கோ, கோவமெண்டு சொல்லிப்போட்டு இவர் வாய் ஓயாமல் கதைக்கிறார். இதென்ன கோவம்?"

அவர் வாளித் தண்ணீரில் கால் மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப அவருக்குக் கோவிக்கத் தெரியேல்லைப் போல" என்றார். பிறகு, "என்ன எரிஞ்சு மணக்குது?" என்றார்.

பானையில் தண்ணீர் வற்றி அடி கருகியிருந்தது. அவருக்கு அன்று பாணும் சம்பலும்தான்.

பானையைச் சுரண்டச் சுரண்ட அந்த ஒரு சொல்தான் மனதில் நின்றது. கோவிக்கத் தெரியாதவர். விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பின்னால் ஏசிக்கொண்டே வருகிறவர். கோழிக்கும் நாய்க்கும் சாடையாகச் சொல்லாமல், நேரே அவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறவர். பாதர் அந்தத் தாளில் அன்பு என்று போட்டது இதைத்தான். விளங்கியதும் எனக்கு அழுகை வந்தது. கூடவே அந்தரமாகவும் இருந்தது, ஏனென்றால் இனி நான் போகத்தான் வேண்டும்.

போகவில்லை. அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்கவும் இல்லை, திறந்தால் போகச் சொல்லும் என்று தெரியும். அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. புட்டு தன்பாட்டில் அவிந்தது. செபமாலைக்கு ஒரு சாட்டும் சொல்லாத நான், ஒரு புத்தகத்துக்குப் பயந்து அடுப்படியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவை ஏற்றிப்போக வான் வருவதாக இருந்தது. நான் புட்டை அடுப்பில் வைத்துவிட்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். கோழி வந்துபோகிற மூலையில் தகரம் கழன்று நின்றது. அதை விலக்கிப் பார்த்தால், வேலியின் அந்தப் பக்கம், என் குசினிக்கு நேரே, கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் அக்கா வேலிக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். அந்த இடத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவருடைய அடுப்பும் கிணறும் வளவின் மற்றப் பக்கம்.

மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த கதையில் "அக்கா" என்றது மட்டும்தான் வெளியே வந்தது.

அவர் திரும்பவில்லை. "ரெண்டு நாளா ஏன் வாசிக்கேல்லை?" என்றார்.

நான் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடினேன்.

"கை உயர்த்தின அடுத்த நாளே என்ர கண்ணாடி உடைஞ்சு போச்சு. உன்ர வாசிப்பைத்தான் இதில இருந்து கேட்டனான். ஒரு நாளும் விடமாட்டாய், வீம்புக்காரி எண்டு நினைச்சன்." குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்தது. "கடவுள் கோவமெண்டு நிண்டவர். பிறகு ரெண்டு பக்கம் கதைச்சவர். மிச்சம் என்ன நடந்தது? அதைக் கேக்காமல் நான் எப்பிடி அங்க போய்ப் படுக்கிறது, சின்னவள்?"

தகரத்தை இழுத்து வளைத்து அந்தப் பக்கம் போனேன். கையில் கீறியது தெரியவில்லை. நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, வான் வந்து கோன் அடிக்கும்வரை வாசித்தேன். பாதிக்கு மேல் அழுகையில் விளங்கியிருக்காது. கலியாணக் கார்டைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். குரல் எப்படி வரும் என்று அதற்குப் பிறகுதான் தெரியும். இந்த வருடம் பசாமை வேறொருவர் படித்தார், அக்கா என் கையைப் பிடித்தபடி கேட்டார். குரல் கரகரத்து வந்தாலும் சரி, கீச்சுக் குரலாக வந்தாலும் சரி, முதல் சொல்லைக் கேட்கிற தூரத்தில் நான் இருப்பேன். தாளில் நாற்பதும் முடிந்துவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் விடிய அக்கா வேலி இடைவெளியால் வந்து என் குசினிக் கதிரையில் இருப்பார். நான் ஒரு வரியைத் தவறவிட்டால் அகப்பையால் பானை மூடியில் தட்டுவார். புதுக் கண்ணாடி வாங்கிவிட்டார், என்றாலும் தானாக வாசிக்கிறாரில்லை. நேற்று மீன் வாங்க வந்த மனுசி வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். அப்போதுதான் வாசித்து முடித்திருந்தோம். இரண்டு பேரும் ஒரு சொல்லும் இல்லாமல் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன, இன்னும் ரெண்டு பேரும் கோவமே?" என்றாள்.

அக்கா அகப்பையால் மூடியில் ஒரு தட்டுத் தட்டினார், பதில் சொல் என்று.

"கதைக்கிறேல்லை" என்றேன் நான். "ஆனால் கோவமில்லை."

அவளுக்கு அது விளங்கவில்லை. நான் புட்டை இறக்கி முதலில் அக்காவுக்குப் போட்டேன்.