அம்மாளும் ஏறிய ஓட்டோ

நீங்கள் எப்போதாவது ஒரு கிருமியைக் கும்பிட்டிருக்கிறீர்களா?

இதைப் பள்ளிக்கூட மேடையில் நின்று நான்தான் கேட்டேன். சண்டைக் காலம். ஏ.எல். உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். விவாதப் போட்டியில் தலைப்பு, சமயமா விஞ்ஞானமா. நான் விஞ்ஞானப் பக்கம். கொப்புளிப்பான் என்ற அம்மை நோயை எங்கள் சல்லிக் கிராமத்தில் அம்மாள் என்றுதான் சொல்வார்கள். அவ வீட்டுக்கு வந்திருக்கிறா என்று வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அது வைரஸ். அதுக்கு வேப்பிலை கட்டுறியள். தடிமன் வந்தா மட்டும் ஏன் கட்டுறேல்லை? தடிமன் பாவமில்லையே?"

மண்டபமே சிரித்தது. எதிர்ப்பக்கம் இருந்த கோமதி மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது சொன்னாள்: "உன்னட்டையும் வருவா. அப்ப கதை."

இரண்டு கிழமையில் வந்தா.

பங்குனி வெயில். முதல் மூன்று நாள் சொறியும் காய்ச்சலும்தான். அம்மா அறையைச் சாத்தி, பாயில் வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார். குசினியில் தாளிப்பு நின்றது. வெளியாட்கள் வருவது நின்றது. அம்மா என்னோடு கதைக்கும் விதமும் மாறிப் போனது. "இளநி குடியுங்கோ தாயே. கண்ணை மூடிப் படுங்கோ தாயே." எனக்குச் சொல்கிறாரா, அவவுக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. காய்ச்சலில் எனக்கே நான் இரண்டு பேர் போலிருந்தது. கதவுக்குக் கீழால் கடல் சத்தம் வந்து பாயை மெல்லத் தூக்கியது. பச்சை வெளிச்சத்தில் மிதந்துகொண்டு கிடந்தேன்.

ஐந்தாம் நாள் மூச்சு கட்டியது. இழுத்தால் நெஞ்சில் முள்ளுக் குத்தியது. விட்டால் இருமல். மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, பெடியன்ர சொண்டு நீலம் பாய்ஞ்சிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"அம்மாள் வந்த உடம்பை வெளியில கொண்டு போறேல்லையடா. அவ கோவிப்பா."

எனக்குக் கதைக்க ஏலாது. நான் சாகப்போகிறேன் என்று மிகத் தெளிவாகத் தெரிந்தது. பயம்கூட இல்லை, தூரத்தில் யாருக்கோ நடப்பது போலிருந்தது. அப்போதுதான் மனதுக்குள் கேட்டேன்: 'நீ இருந்தால் எனக்கு ஒரு வழி விடு. இல்லையென்றால் நான் ஏன் உன்னோடு கதைக்கிறேன்?' என் வாழ்க்கையின் முதல் பிரார்த்தனை அதுதான். மரியாதை போதாது, தெரியும்.

அம்மா எழும்பிச் சாமியறைக்குப் போய் விளக்கைக் கும்பிட்டார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"தம்பி, ஓட்டோவைக் கொண்டு வா. அவவையும் கூட்டிக்கொண்டு போறன். வீட்டில விட்டிட்டுப் போனாத்தானே கோவிப்பா."

பின் ஆசனத்தில் என்னைச் சாய்த்தார்கள். அம்மா மறுகரையில் ஒடுங்கி உட்கார்ந்து, நடுவில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டார். மாமா திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டோவை எடுத்தார். வழியில் காயப்போட்ட மீன்கள் வெள்ளிக் காசாய் மினுங்கின. கடல் எங்களோடு கூடவே நடந்து வந்தது. நடு இடத்தில் யாரோ குளிர்ச்சியாக இருப்பதை என் தோள் உணர்ந்தது. காய்ச்சல் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லியிருப்பேன்.

பாலத்தடி ஆமிச் சென்றியில் மறித்தார்கள். தேடுதல் நடக்கிறது, பாதை பூட்டு, திரும்பிப் போ என்று கை காட்டினான் இளம் ஆமிக்காரன். எங்களுக்குச் சிங்களம் நாலு சொல். என் இங்கிலிஷில் எனக்குப் பெரிய நம்பிக்கை. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "சிக்கின் பொக்ஸ், வைரஸ்" என்றேன். அவனுக்குச் சிக்கின் மட்டும்தான் விளங்கியது. குனிந்து ஆசனத்துக்குக் கீழே கோழி தேடினான்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மாள், ஐயா. அம்மாள்" என்றார்.

காவலரணுக்குள் இருந்து வயதான ஒருவர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "அம்மாவருங்கே லெட?" என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் "ஓம், அம்மா, அம்மா" என்று தலையாட்டினார். அந்த மனிதர் ஓரடி பின்னுக்குப் போய், தொப்பியைக் கழற்றினார். பாதையை மறித்த தடியைத் தூக்கச் சொன்னார். அடுத்த சென்றிக்கும் வயர்லெஸ்ஸில் அறிவித்தார். டவுன் வரை எங்களை ஒருவரும் மறிக்கவில்லை.

அவர்கள் பாஷையிலும் இந்த நோய்க்கு அம்மாமாரின் வருத்தம் என்றுதான் பெயர் என்பதை வார்டில் ஒரு நேர்ஸ் சொல்லித்தான் அறிந்தோம்.

நுரையீரலில் நியூமோனியா. ஒட்சிசன் வைத்து ஊசி ஏற்றினார்கள். டொக்டர் அம்மாவை நன்றாக ஏசினார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் ஒண்டும் செய்திருக்க ஏலாது. ஆர் கொண்டு வந்தது?"

"அவதான் கொண்டு வந்தவ," என்றார் அம்மா.

"சரி, அவவுக்குச் சொல்லி வையுங்கோ, பெடியன் காத்துக் குழாயைக் கழட்டக் கூடாதெண்டு."

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கப்பல்கள் வானத்தில் தொங்குவது போலத் தெரிந்தன. நான்காம் நாள் அவை தண்ணீருக்கு இறங்கின.

திரும்பப் பள்ளிக்கூடம் போனபோது கோமதி கேட்டாள்: "இப்ப ஆர் வெண்டது?"

சோதனைத் தாளில் நான் வைரஸ் என்றுதான் எழுதினேன், எழுதுவேன். என்னைப் பிழைக்க வைத்தது ஒட்சிசன். ஆனால் ஒட்சிசன் இருந்த இடத்துக்கு வழி திறந்தது நான் மேடையில் நக்கலடித்த அந்தப் பெயர். என் விஞ்ஞானச் சொல்லுக்குக் கோழி தேடினார்கள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். ஒருவரின் கும்பிடுதலையும் பகிடி பண்ணுவதில்லை.

உங்கள் வீட்டுக்கு அவ வந்தால் கும்பிடுங்கள். மூச்சு வாங்கினால் காத்திராதீர்கள், அவவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோவிக்க மாட்டா. நம்பிக் கேளுங்கள், என்னைப் போல மரியாதையில்லாமல் கேட்டாலும் அவவுக்குக் கேட்கும்.

இப்போது பின்னேரம் நாலு மணி. கம்பஸ் கொம்பியூட்டர் அறையில் இருந்து இதை எழுதுகிறேன். மூச்சு இழுக்கிறேன், விடுகிறேன். ஓரிடமும் குத்தவில்லை.