வராத கப்பலும் எட்டாவது கையெழுத்தும்

இந்த நாட்டில் கோபம் வந்தால் சனங்கள் றேடியோவுக்கு டெலிபோன் எடுக்கிறார்கள். விரி என்ற புறநகரில் நான் வேலை செய்யும் வேர்ஹவுஸின் சாப்பாட்டு அறையில் அந்த றேடியோ பகல் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும். போன மாதம்வரை நாய்ப் பீக்கும் பார்க்கிங்குக்கும் கொதித்தவர்கள் இப்போது ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அகதிகளை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்துக்கு ஒரு கப்பல் வருகிறதாம். கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆனால் அதில் என்ன நோய் வருகிறது, யாருடைய வேலை பறிபோகப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. "உன்னைச் சொல்லவில்லை, மேட்," என்றான் என்னோடு பெட்டி அடுக்கும் பாரி, சாண்ட்விச்சை மென்றபடி. "நீ வரிசையில் நின்று வந்தவன். அவர்கள் இடையில் புகுகிறவர்கள்." நான் சிரித்து வைத்தேன். எனக்குத் தெரிந்த வரிசை யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்றதுதான். குண்டு விழும்போது ஓடுவதற்கு எங்கே வரிசை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம்.

பாரியை விடுங்கள், அவனுக்கு என்ன தெரியும்! எனக்கு அருவருப்பு எங்கள் ஆட்களைப் பார்த்துத்தான். அந்த ஞாயிறு நியூ லின்னில் இராசநாயகம் அண்ணை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணக்காளர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். என் தம்பி வேறொருவனின் பாஸ்போர்ட்டில் விமானத்தில் வந்திறங்கி, அகதி என்று சொல்லி நின்றவன். புதன்கிழமை அவனுக்கு விசாரணை. திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கியதுமே பிடித்துக்கொண்டு போவார்கள். அவனுக்காக ஒரு பெரிய மனிதரின் கடிதம் வேண்டுமென்று லோயர் சொல்லியிருந்தார். கடிதம் மேசையில் தயாராக இருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது, பத்திரிகைக்கு. கப்பலில் வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது, முறைப்படி வந்த எங்களுக்கு அவர்களால் அவமானம் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி, ஏழு பேர் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

"வெள்ளையள் எங்களையும் அதுகளோட சேத்துப் பாக்கக் கூடாதெல்லே," என்றார். "நீரும் ஒண்டை வையும்."

எனக்குக் காங்கேசன்துறை ஞாபகம் வந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அடிபட்ட எங்கள் சனத்தைக் கொழும்பிலிருந்து சரக்குக் கப்பலில் ஏற்றி அங்கே அனுப்பினார்கள். நான் துறைமுகத்தில் தொண்டனாக நின்றேன். வாந்தி காய்ந்த பெனியனும் ஒற்றைச் செருப்புமாக இறங்கிய இதே மனிதருக்கு உடுக்க என் சாரத்தைக் கொடுத்தேன். "சாகுமட்டும் மறக்கமாட்டன், தம்பி," என்று விக்கி விக்கி அழுதார்.

"அண்ணை, நீங்களும் கப்பலில வந்த ஆள்தானே?" என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

"அது எங்கட நாட்டுக்குள்ளயடாப்பா. அது வேற, இது வேற." பேனாவை என் பக்கம் தள்ளினார். "தம்பியின்ர கடிதத்தில நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்ல."

ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தால் நீ யார் நான் யார். தூ, வெட்கங்கெட்ட மனிசன் என்று மனதுக்குள் காறித் துப்பினேன். துப்பிவிட்டுக் கையெழுத்து வைத்தேன், எட்டாவதாக. பிறகு அவரும் தம்பியின் கடிதத்தில் வைத்தார்.

கப்பல் வரவேயில்லை. எங்கள் கடிதம் மட்டும் பத்திரிகையில் வந்தது. பாரி அதைச் சாப்பாட்டு அறையில் உரக்க வாசித்து, "குட் ஆன் யூ, மேட்!" என்று என் முதுகில் தட்டினான். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

தம்பியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இராசநாயகத்தின் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ரானுயியில் நாங்கள் இருவரும் இருக்கும் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

"கடவுள் மாதிரி மனிசன், என்ன அண்ணை?"

"ஓம்," என்றேன்.

காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் கும்பிட நிற்கிறேன். ஒரு கை காங்கேசன்துறையில் சாரம் நீட்டியது, மற்றது நியூ லின்னில் பேனா பிடித்தது. இரண்டும் ஒட்டமாட்டேன் என்கின்றன.