பூஜ்யம் போட்ட அரக்கர்கள்

வீடியோ கேமில் வருகிற அரக்கர்களைச் செய்வதுதான் என் தொழில். செய்ததில் பாதிக்கு மேல் வருவதே இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் லட்சணம்.

ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் பன்னிரண்டு பேர். கண்காணாத ஊரில் இருக்கிற ஒரு கம்பெனி கேம் தயாரிக்கிறது. அதில் வருகிற பேய், பூதம், பல் நீண்ட பிராணிகளுக்கு உடம்பு செய்து கொடுப்பது நாங்கள். நான் உடம்பு செய்து தோல் போர்த்துவேன். பக்கத்து நாற்காலி ரூபன் அதற்குள் எலும்பு போட்டு நடக்க வைப்பான். எங்கள் இருவருக்கும் மேலே சங்கர் அண்ணன்.

மாடாக உழைத்துச் செய்ததை யாரிடமும் காட்ட முடியாத வேலையில் நீங்களும் இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் வருகிறேன். என் அரக்கர்களை எல்லாம் வெட்டியது மற்றவர்கள். ஒன்றை மட்டும் நானே என் கையால் அழித்தேன். அதைச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

முதல் தவளை

நான் முதன்முதலில் செய்தது ஒரு தவளை. ஆள் உயரம், முதுகெல்லாம் கொப்புளம், கொப்புளத்துக்குள் கண். மூன்று வாரம் அதோடுதான் குடித்தனம். கம்பெனிக்காரர்கள் வீடியோவில் வந்து ஐந்து நிமிஷம் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டு இரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. சங்கர் அண்ணன் பட்டியலில் தவளைக்கு நேரே 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

தவளை எங்கேயும் போய்விடவில்லை. கேமை வாங்குகிற ஒவ்வொருவருடைய மெஷினுக்குள்ளும் அது முழுசாகக் கிடக்கும், எந்தக் காட்டிலும் எந்தக் குளத்திலும் தலைகாட்டாது. உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அன்று வீட்டுக்குப் போனதும் மிளகாய்க் காட்டிலிருந்து வந்த அய்யாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பழுத்ததப் பறிக்காம செடியிலயே வாட விடுறதுக்கு எதுக்கு ஆத்தா தண்ணி பாய்ச்சணும்?"

கதவைத் தாங்கிய நண்டு

விவசாயி வீட்டுப் பெண் இல்லையா, வேண்டாததைக் கண்டால் கை சும்மா இருக்காது. பட்டியலில் பூஜ்யம் போட்ட ஒரு நண்டு ரொம்ப நாளாகக் கிடந்தது. களை பிடுங்குவது போல அதை வேரோடு பிடுங்கி எறிந்தேன். மறுநாள் கோட்டைக் கதவு திறக்கவில்லை. வீரன் வாளும் கையுமாகக் கதவுக்கு முன்னால் நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். விசாரித்தால், அந்தக் கதவுக்குத் தனியாக எலும்பு செய்ய நேரமில்லாமல் நண்டின் இடது கொடுக்கு எலும்பையே ரூபன் கதவுக்கு மாட்டியிருக்கிறான். நண்டு போனதும் கதவு முடமாகிவிட்டது.

ஆபீஸே இரண்டு நாள் நண்டை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. சங்கர் அண்ணன் திட்டவில்லை. டீயை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "செத்துப்போச்சுன்னு நெனச்சு எதையும் பிடுங்காத தாயி, எது எதைத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது" என்றார்.

ஈ

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா நேரடியாகவே கேட்டார், நாலு வருஷமாக என்னதான் வேலை பார்க்கிறாய், காட்டு பார்ப்போம் என்று. வெளிவராத எதையும் யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவரை நான் செய்தது பதினோரு பிராணிகள். பத்துக்குப் பூஜ்யம். வெளியே வந்தது ஒன்று: கேமில் ஒரு பிணத்தின் மேல் உட்கார்ந்து எழுகிற ஈ.

வேறு வழியில்லை, அந்த ஈயைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். இறக்கையில் நரம்பு எல்லாம் எண்ணி வைத்து ஒட்டியிருக்கிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். போனவர்கள் போனவர்கள்தான். அன்று நான் அழுதது உண்மை, ஆனால் மாப்பிள்ளைக்காக இல்லை, தவளைக்காக. அந்த அம்மா வாசலில் செருப்பை மாட்டும்போது தன் அக்காவிடம் சொன்னது உள்ளே வரை கேட்டது: "இந்த ஈயச் செய்யத்தானா தெனம் பஸ் ஏறிப் போகுது அந்தப் புள்ள?"

படகுப் பேய்

அடுத்த கேமில் பாழடைந்த துறைமுகம் ஒன்று வந்தது. அங்கே ஓர் உடைந்த படகு சாய்ந்து கிடக்கும். வீரன் கிட்டே வந்ததும் அடிப்பலகைகள் பிளந்து காலாகும். படகு எழுந்து நடக்கும். யோசனை என்னுடையது. தோலுக்கு நிஜப் படகின் படங்கள் வேண்டும். ரூபனுக்குத் தங்கச்சிமடம், அவன் அப்பா சவரிமுத்துவின் விசைப்படகு அப்போதுதான் மராமத்துக்காகக் கரையேறி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், ஆபீஸ் கேமராவில் சுற்றிச் சுற்றி முந்நூறு படம் எடுத்தேன். பலகை பலகையாக, ஆணி ஆணியாக, நீலப் பெயிண்ட் உரிந்த இடம், அடியில் ஒட்டிய சிப்பி, இடது பக்கம் அவரே போட்ட ஒட்டுப்பலகை. அவர் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார்.

நிஜ எழுத்து எதுவும் தோலில் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், 'பனிமய மாதா துணை' என்று எழுதியிருந்தது. அதை நான் அழித்திருக்க வேண்டும். அவர் அந்த எழுத்தைக் கையால் தடவிக் காட்டியதைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. மேலே லேசாகப் பாசி பூசி மறைத்தேன், பாதி தெரியும்படி. இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டார், பேய் செய்ய என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அது பாட்டுக்கு மீன் பிடிச்சுக் குடுக்குற பிள்ள தாயி அது, பேயாத்தான் செய்யணும்னா நல்ல பேயாச் செய்யி" என்றார்.

மெதுவான நடை

கடல் கொந்தளிக்கும்போது படகு எப்படி ஆடுமோ அப்படியே ரூபன் அதை நடக்க வைத்தான். இடது பக்கம் சாயும், ஒரு கணம் யோசிக்கும், பிறகு வலது பக்கம். ஆபீஸில் எல்லோரும் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். இது நிச்சயம் தப்பிக்கும் என்று நானும் நம்பினேன். கம்பெனிக்காரர்கள் ஆறு நிமிஷம் பாராட்டினார்கள். ஏழாவது நிமிஷம், "ரொம்ப மெதுவா நடக்குது, விளையாடுறவங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது" என்று முடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பூஜ்யம் போதாது, கேமிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றதால் நானே பிடுங்கிக் கொடுத்தேன்.

அதே மாதத்தில் சவரிமுத்துவின் படகு எல்லை தாண்டிவிட்டதாகப் பிடிபட்டது. ஆட்கள் சில வாரத்தில் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. அக்கரையில் ஏதோ ஒரு துறையில், பிடிபட்ட மற்ற படகுகளோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஓட்டவும் மாட்டார்கள், உடைக்கவும் மாட்டார்கள், தரவும் மாட்டார்கள். ரூபன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நம்ம பூஜ்யம் போடுற மாதிரிதான்க்கா, அதுக்கும் ஒரு பூஜ்யம் போட்டு அங்கன நிறுத்திட்டாங்க."

நான் அழித்தது

கேம் முடிந்தது. ஒப்பந்தப்படி எங்கள் மெஷின்களில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, அழித்தோம் என்று கையெழுத்திட வேண்டும். மூலப் படங்கள் உட்பட. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரூபன் அந்த வாரம் லீவு, அப்பாவோடு மனுவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தான். போன் செய்தான். அந்த முந்நூறு படத்தை மட்டும் எடுத்து வை, அக்கா, வீட்டில் இருப்பதெல்லாம் திருவிழாப் படம், படகை மறைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள் என்றான்.

பையில் பென்டிரைவ் இருந்தது. எதை வெளியே எடுத்தாலும் பதிவாகும், தெரிந்தால் பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும் என்று சங்கர் அண்ணன் காலையில்தான் சொல்லியிருந்தார். நான் பயந்தேன். அழித்துவிட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அவனிடம் சொன்னபோது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி விடுக்கா, நீ என்ன செய்வ" என்றான்.

ஒரு விண்ணப்பம்

சில மாதம் கழித்து, பிடிபட்ட படகுகளின் நிலையைப் பார்த்துவர இங்கிருந்து சிலர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சவரிமுத்துவின் படகு கட்டிய இடத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது, மேலே ஓட்டுகிறவர் நிற்கிற கூண்டு மட்டும்தான் தெரிகிறது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கூப்பிட்ட படகுக்கும் போகவில்லை. சாப்பாடு பாதியானது. ரூபனிடம் ஒரே பேச்சுதான், அந்தப் புள்ள எல்லாப் பக்கமும் எடுத்துச்சே, அதை ஒரு தடவை காட்டுலே என்று. அழிந்துவிட்டது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எங்கேயோ வைத்துவிட்டாள், தேடுகிறாள் என்று எனக்காகப் பொய் சொல்லிவைத்திருந்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு வயதானவர், ஒரு படகு, ஒரே ஒரு பிரதி என்று எல்லாம் விளக்கி எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி: "முடிந்த வேலைகளின் நீக்கப்பட்ட உருவங்களை எவருடனும் பகிர இயலாது."

பாசிக்குக் கீழே எழுத்து

விளையாடுவதை விட்டுவிட்டுக் கேமின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன கிடக்கிறது என்று துழாவுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அப்படி ஒருவன், யார் எவன் என்று இன்றுவரை தெரியாது, ஒரு வீடியோ போட்டிருந்தான். அதில் எங்கள் படகுப் பேய் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் நண்டு கதைதான், துறைமுகக் கதவு அதன் எலும்பில்தான் ஆடியிருக்கிறது. நான் பிடுங்கிக் கொடுத்ததும் கதவு திறக்காமல், கம்பெனிக்காரர்கள் தங்கள் பிரதியிலிருந்து படகை எடுத்து மறுபடி நட்டிருக்கிறார்கள், பூஜ்யம் போட்டு. கீழே ஆயிரம் பேர் சண்டை. பாசிக்குக் கீழே தெரிகிற எழுத்து அழிந்துபோன நாகரிகத்தின் மந்திரம், ரகசிய வாசலுக்குச் சாவி என்று ஆளுக்கொரு ஆராய்ச்சி. சங்கர் அண்ணன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இதப் பாத்தோம்னு கூட வெளிய மூச்சு விடக்கூடாது."

தங்கச்சிமடம்

மூச்சு விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ரூபனோடு பஸ் ஏறினேன். சவரிமுத்து வீட்டுக்குப் பின்னால் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். முதலில், படங்களை நான்தான் அழித்தேன், தொலைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, வலையைப் பார்த்துத்தான் சொன்னேன். போனை அவர் கையில் கொடுத்தேன்.

படகு சுற்றியது. அணியத்தில் விரலை வைத்தார். விரல் பட்டதும் வீடியோ நின்றுவிட்டது, ரூபன் மறுபடி ஓடவிட்டான். "இந்தா ஒட்டுப்பலகை. இந்தா, பனிமய மாதா. பாசிய வழிச்சு விடக்கூடாதா?" என்று கேட்டு அவரே துடைத்துப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது, அதைத் துடைக்கவில்லை. பிறகு வீடியோவின் கடைசிப் பகுதி வந்தது. அடிப்பலகைகள் பிளந்தன. கால்கள் முளைத்தன. படகு எழுந்து, இடது பக்கம் சாய்ந்து, யோசித்து, வலது காலை எடுத்து வைத்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இது ஏன் கேமில் வரவில்லை என்று கேட்டார். ரொம்ப மெதுவாக நடக்கிறது என்று எடுத்துவிட்டார்கள் அப்பா என்றேன். போனைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லி, கடல் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுக் காலு இருந்துச்சுன்னா, மெதுவா நடந்திருந்தாலும் இந்நேரத்துக்குக் கரை வந்து சேந்திருக்கும்ல தாயி."

ஆட்களைப் பயமுறுத்தத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் நான் செய்ததிலேயே ஒரு மனுஷன் கண்ணீர் விட்டுப் பார்த்த ஒரே அரக்கனுக்கு எண்ணிக்கை இன்றைக்கும் பூஜ்யம்தான்.