ஃபர்சானா பிடித்த நோன்பு

கோட்டைமேட்டில் ஒரு கர்ப்பிணி பட்டினி கிடப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சாப்பிட மாட்டேன் என்று வாய் திறந்தால் போதும், தெருவே கிண்ணமும் கையுமாக வந்து நிற்கும். ஃபர்சானா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏழாம் மாதத்தில் ரமலான் வந்தது, நோன்பு பிடித்துவிட்டாள்.

"புள்ளத்தாச்சிக்கு நோம்பு கட்டாயமில்ல அம்மணி, அப்புறமாப் பிடிச்சுக்கலாம்" என்று மாமியார் இஸ்மத் கெஞ்சிப் பார்த்தாள்.

"இருக்கட்டுங்க மாமி."

மருமகளின் பக்தியைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள் மாமியார். பக்தியாவது ஒன்றாவது, ஃபர்சானாவுக்கு இருந்தது பயம். அவளைப் பெற்ற அத்தா முப்பத்தெட்டு வயதில், கடையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனார். அண்ணன் அந்த வயதைக்கூட எட்டவில்லை. ரத்தத்தில் கொழுப்பு அந்தக் குடும்பத்துச் சொத்து. அவளுக்கும் பங்கு வந்திருந்தது. குழந்தை உண்டானதும் கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், கொழுப்பு மளமளவென்று ஏறியது. தாய்க்கு ஏறினால் கருவிலிருக்கும் பிள்ளையின் ரத்தக் குழாயிலும் படியத் தொடங்கலாம் என்று செல்போனில் படித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நோன்புக் கஞ்சியில் கிடந்த கறித்துண்டுகூட அவளுக்கு விஷமாகத் தெரிந்தது. மாலையில் நோன்பு திறந்த பிறகும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகவே ஒப்பேற்றினாள்.

ரமலான் பாதியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் பத்மாவதிக்கு முகம் மாறியது.

"குழந்தைக்கு வளர்த்தி பத்தலையே. சாப்பிடறீங்களா இல்லீங்களா?"

ஃபர்சானா உள்ளதைச் சொன்னாள்.

"உங்களுக்கு இது சாப்பாட்டால வந்த கொழுப்பு இல்லீங்க, பரம்பரை. பட்டினி கெடந்தா அது இறங்காது, குழந்தைதான் இளைக்கும். அது வளரவும் கொஞ்சம் கொழுப்பு வேணுமுங்க."

"ஏனுங்க டாக்டர், எம்புள்ளைக்கும் இது வந்துருமுங்களா?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு. பொறந்து கொஞ்சம் வளந்தப்புறம் ரத்தம் பாத்தாத்தான் தெரியும். வந்தாலும் மருந்து இருக்குதுங்க."

மருந்து என்றது அவள் காதில் விழவே இல்லை. பாதிக்குப் பாதி என்பது மட்டும் விழுந்தது.

வீடு வந்ததும் இஸ்மத் பட்டப்பகலில் சோறு போட்டு வைத்தாள். முதல் வாயிலேயே ஃபர்சானா குமுறி அழுதாள்.

"நோம்பு முறிஞ்சுபோச்சுன்னு அழுவாத கண்ணு. அல்லாவுக்குத் தெரியும்."

"நோம்புக்கு அழுவலீங்க மாமி. பட்டினி கெடந்து புள்ளைய இளைக்கத்தான் வெச்சேன். எங்க அத்தா ரத்தத்த உட்டா இதுக்குக் குடுக்க எங்கிட்ட வேற ரத்தமில்லீங்களே."

தானும் நோன்பிலிருந்த இஸ்மத், பசித்த வயிற்றோடு சோற்றைப் பிசைந்து மருமகளின் வாயருகே நீட்டினாள். ஃபர்சானா அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.