கழுத்துக்குள் கேட்ட மூச்சு

புதுப்பட்டினத்தில் மீன் விற்கும் வச்சலா, கணவன் சுதாகரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது முந்தானை சக்கரத்தில் சிக்கியது. அது கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கீழே இழுத்தது. ஓடி வந்த யாரோ சேலையை அறுத்துவிட்டார்கள். கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. அதோடு தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் இடது காதில் உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். கடலோரத்து வீடு, அலைதான் என்று நினைத்தாள். படாளத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனாள். சுற்றிலும் வயல், காற்றுகூட அசையவில்லை. சத்தம் அங்கேயும் இருந்தது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமெடுத்தது. நின்றால் நிதானித்தது.

"யாரோ என் காதாண்ட மூச்சு வுட்டுகினே கீறாங்க" என்றாள் சுதாகரிடம்.

"பயந்துகினு கீற, அதான்." அவளைச் சமாதானப்படுத்த, அவள் தாடைக்குக் கீழே காதை வைத்தான். சட்டென்று விலகினான். அவனுக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். வியாபாரம் கெடும் என்று அவள் தள்ளிப்போட்டாள். அடுத்த நாள் ஒரு வாடிக்கைக்காரி விலை கேட்டாள். வச்சலாவுக்கு விலை தெரியும். வாயிலிருந்து வந்ததோ எந்தப் பாஷையிலும் சேராத ஒலி. வலது கையிலிருந்து வஞ்சிரம் நழுவி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பினாலும் சுதாகர் காத்திருக்கவில்லை. நேராகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் சங்கரி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. கிழிசலுக்குள்ள ரத்தம் புகுந்து வழி குறுகிடுச்சு. அந்த இடுக்குல ரத்தம் ஓடுற சத்தம்தான் இது."

ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். அப்படியும் வார்டில் மறுபடி வலது கை துவண்டது. ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று முடிவானது.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொடையிடுக்கு வழியாக மெல்லிய கம்பி கழுத்துவரை ஏறியது. வலை போன்ற குழாய் உள்ளே விரிந்ததும் காதில் இருந்த மூச்சு ஒரு முறை சீறி நின்றுபோனது. அந்த அமைதியில், செத்துவிட்டோம் என்றே வச்சலா நினைத்தாள்.

"வச்சலா, பேசுங்க" என்றார் டாக்டர்.

"இன்னா பேசறது?"

தன் குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு மீன் விற்கிறாள். இடது இமை மட்டும் பாதி இறங்கியே இருக்கிறது. நிழலில் வலது கண்ணின் பாப்பா விரிந்தாலும் இடதில் கடுகளவுதான். அந்த ரத்தக்குழாயை ஒட்டிக் கண்ணுக்குப் போகும் நரம்பு நசுங்கிவிட்டது, சரியாகாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேரம் பேசுகிறவர்கள் அதைப் பார்த்து நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்கிறாள் வச்சலா. "நீ மீனப் பாரு."