அத்தானின் மூக்கும் லேபிள் கிழித்த கேன்களும்

போன டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைத்தது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் கெமிக்கல் ஸ்டோரில் எனக்கு வேலை. வருஷம் முழுக்க டிரம்களுக்கு லேபிள் ஒட்டி அலுத்துப்போய், மும்பை தாராவியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அங்கே போயும் லேபிளோடுதான் மாரடிக்கப் போகிறேன் என்று யார் கண்டது!

தாதரில் இறங்கினால் அத்தான் நிற்கிறார். "வாங்க மாப்ள, மொதல்ல டிபன்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, லோக்கல் ரயிலில் அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவுக்கு இழுத்துப்போனார். டிக்கெட் ஐந்து ரூபாய். காலை எட்டு மணிக்கே ஹோட்டல் வாசலில் கூட்டம். இட்லி சுமார்தான், ரசவடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கடுத்த ஸ்டேஷன் சயான். இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் தாராவி.

அத்தானுக்குப் பழைய கேன் வியாபாரம். கம்பெனிகளில் கழித்துப்போட்ட கேன்களை வாங்கி, கழுவி விற்கிறார். சரக்கு இறங்கியதும் முதல் வேலை, லேபிளைச் சுரண்டி எறிவது. "மால் சாஃபா, சுத்தமா இருந்தாத்தான் மாப்ள ரேட்டு" என்றார். பிறகு உள்ளே என்ன இருந்ததென்று எப்படித் தெரியும்? மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாராம்! எங்கள் ஸ்டோரில் இப்படிச் செய்தால் வேலையே போய்விடும். அவரோ, "இருவது வருச மூக்கு" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் ஒரு நீலக் கேனை மோந்து, "சோப்பு. தோ டால்" என்று, கேன் கழுவும் ரஃபீக்கிடம் கழுவச் சொல்லி நீட்டினார். இரண்டடி தள்ளியிருந்த எனக்கே பிளீச்சிங் நெடி குப்பென்று அடித்தது. ரஃபீக்கின் தொட்டியில் கிடந்ததோ, சற்றுமுன் ஆசிட் கேன் கழுவிய தண்ணீர். இரண்டும் கலந்தால் விஷவாயு. "ருக்கோ, நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நல்லவேளை, கேனைத் தொட்டியில் கவிழ்க்கப் போன ரஃபீக்கின் கை நின்றது.

அத்தானின் முகம் செத்துவிட்டது. என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நாலஞ்சு மாசமா எனக்கு எந்த வாடையும் தெரியல மாப்ள. கேனப் பாத்து குத்துமதிப்பா சொல்லிட்டிருக்கேன். ஒங்க அக்காட்ட சொல்லிராதிய. கடைய மூடச் சொல்லிருவா."

ரஃபீக்குக்கு ஏதாவது ஆகியிருந்தால்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. "மொதல்ல ரஃபீக்கிட்ட சொல்லுங்க. நாளைக்கே டாக்டரப் பாருங்க" என்றேன். அப்போதே போய் ரஃபீக்கிடம் சொன்னார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பட்டறைகளில் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். லேபிள் இல்லாத எதையும் திறக்காதீர்கள், மோந்தும் பார்க்காதீர்கள். வீட்டில் தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்கும் புண்ணியவான்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி அத்தான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். தெருவே திரும்பிப் பார்த்த சங்கதி அதற்குள் அக்கா காதுக்கும் வந்திருந்தது. அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"முன்ன ஒருநா அடுப்புல பாலு தீஞ்சு வீடே நாறுது, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிய. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளையிலேருந்து நான் கடைக்கு வாரேன். ஒங்க மூக்கு போனா என்ன, எம் மூக்கு இருக்குல்லா? நான் மோந்து சொல்லுதேன்."

எனக்குப் புரையேறிவிட்டது. சோற்றுக் கையோடு கும்பிட்டு, "எக்கா, யாரு மூக்கும் வேண்டாம். லேபிளக் கிழிக்காம கழுவினாப் போதும்" என்றேன்.

அத்தான் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாம்ட்டி. இனி லேபிள் இல்லாத கேன வாங்கவும் மாட்டேன், கழுவு முன்ன லேபிளக் கிழிக்கவும் மாட்டேன். இந்த மோந்து பாக்குற வேல எம் மூக்கோட போகட்டும்."